உட்லான் பேட்டையின் போதகர்

பெந்தெகொஸ்தே சபைப் போதகர் என்றதும் நம்மவர்களில் பெரும்பாலோர் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றே. கைத்தட்டல், கண்ணீர், அந்நிய பாஷை, உலகம் சீக்கிரத்தில் முடியப்போகிறது என்னும் எச்சரிக்கை. பரலோகத்துக்கு மூட்டை கட்டி வைத்திருப்பவர்களுக்குப் பூலோகத்து நகரசபையும் வாடகை வீடும் என்ன பொருட்டு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ராஜீய ஊழியர்கள் இப்போதகர்களைக் கண்டால் ஒதுங்கிப் போவது வழக்கம். அவர்களும் ராஜீய ஊழியர்களைக் கண்டால் அப்படியே ஒதுங்குவார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் உட்லான் என்னும் பேட்டையில் ஏறக்குறைய 50 வருஷ காலம் ஊழியம் செய்த ஆர்தர் பிரேஸியர் என்பவருடைய சரித்திரம் இவ்விரு சாராரும் அறிந்துகொள்ளத் தக்கது.

பிரேஸியர் 1921-ம் வருஷம் ஜூலை 22-ந் தேதி சிகாகோவில் ஒரு கறுப்பர் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய வாலிபப் பருவம் உலகத்தையே உலுக்கிய வியாபார மந்த காலத்தில் கழிந்தது. உயர்தரப் பள்ளிக்கூடத்தில் முழுமையாகப் படித்துத் தேற வசதி இல்லை. பாதியில் நிறுத்திவிட்டுக் கூலி வேலைக்குப் போனார். 1942-ல் அவரை ராணுவத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். அவர் அனுப்பப்பட்ட இடம் நமது இந்தியாவும் பர்மாவும் ஆகும். நம் தேசத்துத் தலைவர்கள் ‘வெளியேறு’ என்று முழங்கிச் சிறை சென்றதும், பர்மாவிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாக ஓடி வந்ததும் அதே வருஷத்தில்தான். அஸ்ஸாம் எல்லையிலிருந்து பர்மாவுக்குள் லீடோ சாலையை வெட்டிய அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். ஜனநாயகத்துக்காகப் போர் புரிவதாகப் பறைசாற்றிய அந்த ராணுவத்தில் வெள்ளையர் படை வேறு, கறுப்பர் படை வேறு. இந்தப் பேதத்தை ஒழிக்க ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு பிறப்பித்தது 1948-ல். அதாவது சண்டை முடிந்து மூன்று வருஷம் கழித்து.

ஊர் திரும்பிய பிரேஸியர் 1947-ல் பெந்தெகொஸ்தே விசுவாசத்தைத் தழுவினார். மறு வருஷம் தபால் இலாகாவில் சேர்ந்தார். சுமார் 12 வருஷம் தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கடிதம் கொடுத்தார். அந்நாட்களிலேயே ஒரு சிறு சபையை நடத்திக்கொண்டு, மூடி வேதாகமப் பள்ளியிலும் பாடம் கேட்டார். 1960-ல் அவருடைய சபையும் உட்லானிலிருந்த ‘அப்போஸ்தல தேவசபை’யும் ஒன்றாக இணைந்தபோது, இரண்டும் சேர்ந்து சுமார் 100 பேர்தான் இருந்தார்கள். அவர் தபால் உத்தியோகத்தை விட்டு முழுநேரப் போதகரானார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவர் பேரால் கொடுக்கும் ஞானஸ்நானத்தை ஒப்புக்கொள்ளாமல், இயேசுவின் நாமம் ஒன்றிலேயே ஞானஸ்நானம் கொடுக்கும் பிரிவு அவருடையது. மற்றப் பெந்தெகொஸ்தேக்காரர்களே இவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்றால், பெரிய சபைகளின் பாதிரிமார்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் இச்சமயத்தின் பூர்வோத்தரத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு நியாயம் புலப்படும். 1906-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் அஸூஸா வீதியில் பெந்தெகொஸ்தே எழுச்சியை நடத்திய வில்லியம் ஸீமூர் அடிமைகளாயிருந்த பெற்றோர்களுக்குப் பிறந்தவர். நிற பேதச் சட்டங்கள் அமெரிக்காவின் தென்பகுதி முழுவதும் வேரூன்றியிருந்த காலத்தில், அந்தப் பழைய கட்டடத்தில் வெள்ளையரும் கறுப்பரும் மெக்ஸிகோ தேசத்தவரும் அருகருகே முழங்காலிட்டு ஜபித்தார்கள். சில வருஷங்களுக்குள் வெள்ளையர்கள் பெரும்பாலும் பிரிந்து தனிச் சபைகள் கட்டிக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

இனி உட்லான் பேட்டையைப் பார்ப்போம். சிகாகோ ஸர்வகலாசாலைக்குத் தெற்கே, அகன்ற ஒரு புல்வெளியைத் தாண்டினால் உட்லான். அங்கே கறுப்பருக்கு வீடு விற்பதோ வாடகைக்கு விடுவதோ இல்லை என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருந்த காலம் உண்டு. ஞானக் களஞ்சியமாகிய ஸர்வகலாசாலையே இந்த ஏற்பாட்டுக்குப் பண உதவி செய்தது. கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பர் இப்பேட்டையில் வீடு வாங்கி, வழக்காடி, 1940-ல் தலைமை நீதிமன்றத்தில் ஜயித்தார். பிற்காலத்தில் நாடகாசிரியையாகப் புகழ் பெற்ற லொரேன் ஹான்ஸ்பெரி அவருடைய புதல்வி. 1948-ல் இப்படிப்பட்ட பத்திரங்களை எந்தக் கோர்ட்டும் அமல் நடத்தக் கூடாதென்று தீர்ப்பாயிற்று. அதன் பிறகு வெள்ளையர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். 1960-ல் அங்கே வசித்த 80,000-க்கும் மேற்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பர். வீட்டுக்காரர்களோ ஒரு குடும்பம் இருந்த இடத்தைத் தடுத்து மூன்று குடும்பங்களை அடைத்தார்கள். வாடகை ஏறிற்று, கூரை ஒழுகிற்று. வாடகை வாங்குகிறவர் பசுமையான புறநகரில் இருந்தார்.

இந்த நிலையில்தான் 1960-ல் ஸர்வகலாசாலை ஒரு திட்டத்தை வெளியிட்டது. 60-வது வீதிக்கும் 61-வது வீதிக்கும் நடுவே ஒரு மைல் நீளத்துக்கு உட்லான் நிலத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு கட்டடம் கட்டப்போவதாக அறிவித்தது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீர்திருத்தம் என்பது அதற்கு இடப்பட்ட பெயர். பக்கத்துப் பேட்டைகளில் இதே சீர்திருத்தத்தால் ஏழைகள் வீதியில் நின்றதை உட்லான் வாசிகள் கண்ணால் கண்டிருந்தார்கள்.

ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் இரண்டு பிரஸ்பிட்டேரியன் போதகர்களும் ஏற்கெனவே சேர்ந்து ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஸால் அலின்ஸ்கி என்பவருடைய உதவியை நாடினார்கள். அலின்ஸ்கி யூத வமிசத்தவர். கடவுளைப்பற்றி அதிகக் கவலை இல்லாதவர். ஏழைகளை ஒன்றுசேர்த்து அதிகாரிகளைத் திணற அடிப்பதையே ஒரு சாஸ்திரமாகப் பயின்றவர். அவரைக் குழப்பக்காரர் என்று பத்திரிகைகள் தூற்றின. கத்தோலிக்கர், பிரஸ்பிட்டேரியர், யூதர் ஆகிய இந்தக் கூட்டத்தில் ஒரு பெந்தெகொஸ்தே போதகர் போய் அமருவதென்றால் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர் சபையில் 100 பேர். செல்வமோ செல்வாக்கோ கிடையாது. பெரிய சபைகளின் கறுப்புப் போதகர்கள் பலர் மேயர் டேலியின் கட்சி யந்திரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நகரசபையிலிருந்த ஆறு கறுப்பு அங்கத்தினர்கள் வாய் திறவாத காரணத்தால் ‘ஆறு மௌனிகள்’ என்றே பெயர் பெற்றிருந்தார்கள். இழக்க ஒன்றுமில்லாத பிரேஸியர் முன்னுக்கு வந்தார். 1961-ல் உருவான உட்லான் ஸ்தாபனத்துக்காக முதலிலிருந்தே பேசியவர் அவர். பிறகு அதன் தலைவராக அறுபதுகளின் பெரும்பகுதி முழுவதும் விளங்கினார்.

அவர்கள் முதலில் கையிலெடுத்த விஷயம் ஸர்வகலாசாலை அல்ல, தராசு. 63-வது வீதிக் கடைக்காரர்கள் சிலர் எடையில் மோசம் செய்கிறார்கள், கணக்கில் கூட்டி வாங்குகிறார்கள், கடனுக்குக் கொடுக்கும் சாமானில் அநியாய வட்டி சேர்க்கிறார்கள் என்று பெண்கள் முறையிட்டு வந்தார்கள். ஸ்தாபனத்தார் ஒரு கோவில் வளவில் சரியான தராசு ஒன்றையும் கணக்குப் போடும் யந்திரம் ஒன்றையும் வைத்தார்கள். சனிக்கிழமை சாமான் வாங்கி வந்தவர்கள் அங்கே மறுபடி நிறுத்துப் பார்த்தார்கள். ரசீதைக் கூட்டிப் பார்த்தார்கள். மோசம் செய்த கடைகளின் பெயர் பேட்டை முழுவதும் பரவிற்று. யோக்கியமான வியாபாரிகளும் ஸ்தாபனத்தோடு சேர்ந்து நியாய வியாபாரத்துக்கு ஓர் ஒழுங்குமுறை எழுதிக் கையெழுத்திட்டார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சாதாரண ஜனங்கள் ‘நம்மால் என்ன ஆகும்?’ என்று கைகட்டி உட்கார்ந்திருப்பது சோம்பலால் அல்ல. அவர்கள் இதுவரை எதிலும் ஜயித்ததே இல்லை என்பதால்தான். இறைச்சிக்கடைத் தராசில் கிடைத்த வெற்றி சிறிதுதான். ஆனால் அதை அவர்களே பெற்றார்கள். மேடைப் பிரசங்கம் நூறு செய்தாலும் இந்தத் தெம்பு வராது என்பதைக் காங்கிரஸ் வேலையில் கிராமம் கிராமமாகச் சுற்றியவர்கள் அறிவார்கள்.

1961-ல் தென்னாட்டில் பஸ்களில் நிற பேதத்தை எதிர்த்துப் பிரயாணம் செய்து அடிபட்ட ‘சுதந்திர யாத்திரிகர்’ சிலர் உட்லானுக்கு வந்து பேசினார்கள். எதிர்பார்த்ததற்கு மேல் பெருங்கூட்டம் கூடிற்று. அந்த ஆகஸ்டு மாதத்தில் உட்லானும் தன் பங்குக்கு ஒரு பஸ் யாத்திரை நடத்தியது. 46 பஸ்கள் வரிசையாகப் புறப்பட்டன. 2,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் நகரசபை மாளிகைக்குப் போய் வோட்டர் ஜாபிதாவில் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டார்கள். ஒருவரும் கல் எறியவில்லை. ஒருவரும் சட்டத்தை மீறவில்லை. ஆயினும் மேயரின் ஆட்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. கறுப்பர் வோட்டு என்பது அதுவரையில் கட்சி ஏஜண்டு எண்ணிக் கொண்டுவந்து ஒப்படைக்கும் சரக்கு. அது தானே பஸ் ஏறி வருவதை அவர்கள் கண்டதில்லை.

பள்ளிக்கூட விவகாரம் இன்னும் கசப்பானது. கறுப்புக் குழந்தைகளின் பள்ளிகளில் இடம் போதாமல் காலையில் ஒரு சாரார், மாலையில் ஒரு சாரார் என்று படித்தார்கள். பக்கத்து வெள்ளையர் பள்ளிகளில் வகுப்பறைகள் காலியாய்க் கிடந்தன. அப்படி ஒன்றுமில்லை என்று கல்வி அதிகாரி பெஞ்சமின் வில்லிஸ் சாதித்தார். உட்லான் தாய்மார்கள் காமிராவை எடுத்துக்கொண்டு அப்பள்ளிகளுக்கே போய்க் காலி அறைகளைப் படம் பிடித்து வந்தார்கள். கல்விச் சபை கூடும்போதெல்லாம் ஸ்தாபனத்தார் கறுப்பு அங்கி தரித்து மௌனமாக வந்து உட்கார்ந்தார்கள்; சாவு வீட்டுத் துக்கம் போன்ற தோற்றம். வில்லிஸ் செய்த பரிகாரம் யாதெனில், கறுப்பர் பள்ளி வளவுகளில் சக்கரம் வைத்த வண்டி வகுப்புகளைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான். ஜனங்கள் அவற்றுக்கு ‘வில்லிஸ் வண்டி’ என்று பெயரிட்டார்கள். 1963 அக்டோபர் 22-ந் தேதி நகரம் முழுவதும் பள்ளி ஹர்த்தால் நடந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அன்று பள்ளிக்குப் போகவில்லை. அது பல ஸ்தாபனங்கள் சேர்ந்து செய்த வேலை. உட்லான் ஸ்தாபனம் அவற்றில் ஒன்று. வில்லிஸ் 1966 வரையில் பதவியில் நீடித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே 1963-ல்தான் ஸர்வகலாசாலை விவகாரமும் ஒரு முடிவுக்கு வந்தது. மூன்று வருஷ மறியலும் ஊர்வலமும் விண்ணப்பமும் பார்த்த மேயர் டேலி, இரு தரப்பாரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தார். ஏற்பட்ட உடன்பாடு இது: ஏழைகளுக்கு மாற்று வீடுகள் கட்டத் தொடங்கும் வரையில் அவர்கள் குடியிருக்கும் வீடுகளை இடிக்கக் கூடாது, திட்டத்தை மேற்பார்வை செய்யும் கமிட்டியில் உட்லான் ஸ்தாபனத்தாருக்குப் பெரும்பான்மை ஸ்தானம் உண்டு. முதலில் வீடு, பிறகு இடிப்பு என்னும் இந்தச் சிறிய வரிசை மாற்றம் அமெரிக்க நகரங்களில் அன்று ஒரு புதுமை. அதன்படி காட்டேஜ் குரோவ் சாலையில் 500-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ‘உட்லான் கார்டன்ஸ்’ என்ற குடியிருப்பு எழும்பிற்று.

1966-ல் மார்ட்டின் லூதர் கிங் வீட்டு வசதிப் போராட்டத்துக்காகச் சிகாகோ வந்தபோது, அந்நகரத்தின் மிகப் பிரபலமான கறுப்புப் பாப்டிஸ்டு போதகரான ஜோஸப் ஜாக்ஸன் அவரைப் பகிரங்கமாக எதிர்த்தார். பிரேஸியர் கிங்கின் பக்கம் நின்றார். காந்தியடிகளின் அஹிம்ஸை முறை கிங் வாயிலாக அந்நகரத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதன் மீது கல் விழுந்தது என்பதும் யாவரும் அறிந்ததே.

பிரேஸியருடைய ஊழியத்தில் மிகவும் தர்க்கத்துக்கிடமான அத்தியாயம் 1967-ல் தொடங்கியது. உட்லானில் பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ், டிஸைபிள்ஸ் என்ற இரண்டு முரட்டு வாலிபர் கூட்டங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. போலீஸாரால் அடக்க முடியவில்லை. அக்கூட்டத்தினரையே படிப்பிலும் தொழிலிலும் பழக்க வேண்டும், அவர்கள் தலைவர்களையே இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உட்லான் ஸ்தாபனம் ஒரு திட்டம் வகுத்தது. மத்திய சர்க்கார் இதற்கு 9,27,341 டாலர் நேராகக் கொடுத்தது. நகரசபையின் கை வழியாகப் போகாத பணம்! மேயரின் கோபத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம். திட்டத்துக்கு ஒரு நிர்வாகியை நியமிக்க ஒப்புதல் கேட்டால் நகரசபை தட்டிக்கழித்தது. போலீஸார் வகுப்புகளுக்குள் நுழைந்து சோதனை போட்டார்கள். ஓராண்டில் திட்டம் மூடப்பட்டது. 1968-ல் ஸெனட் சபையில் மக்ளெல்லன் கமிட்டி விசாரணை நடத்தியது. பிரேஸியர் அங்கே போய்த் திட்டத்துக்காக வாதாடினார். ரேஞ்சர்ஸ் தலைவன் ஜெப் போர்ட் பின்னால் இந்தப் பணத்தைக் கையாண்டதற்காகத் தண்டிக்கப்பட்டான். ஆகவே எதிரிகள் சொன்னது அத்தனையும் பொய் என்று நாம் வாதிக்க வரவில்லை. கையொப்பம் இல்லாத வருகைப் பதிவும், வராதவன் பேரில் வாங்கிய படியும் எந்தத் தேசத்திலும் திருட்டே. ஆனால் 1968 ஏப்ரலில் கிங் சுடப்பட்டு இறந்தபோது சிகாகோவின் மேற்குப் பகுதி பற்றி எரிந்தது. உட்லான் பெரும்பாலும் அமைதியாயிருந்தது. அந்த வாலிபர்களே தெருவில் நின்று கூட்டத்தைக் கலைத்தார்கள் என்று அக்காலத்தில் பலரும் ஒப்புக்கொண்டார்கள். கைவிடப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போன போதகர் ஏமாந்தார் என்று சிரிக்கிறவர்கள், தேடிப் போகாதவர்கள் சாதித்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த பத்து வருஷங்கள் உட்லானுக்கு இருண்ட காலம். வசதி உள்ளவர்கள் வேறு பேட்டைகளுக்குப் போனார்கள். வீட்டுக்காரர்கள் வீடுகளைக் கைவிட்டார்கள். நெருப்பு விழாத வாரம் இல்லை என்னும்படி கட்டடங்கள் எரிந்தன. 80,000 பேர் இருந்த பேட்டையில் 2000-ம் வருஷத்து ஜனக்கணக்கில் சுமார் 27,000 பேரே எஞ்சினார்கள். ஸர்வகலாசாலையை எதிர்த்து ஜயிக்க ஒரு ஸ்தாபனம் போதும். வேலையும் மூலதனமும் ஒரு நகரத்தை விட்டு ஓடும்போது அதைப் பிடித்து நிறுத்த ஒரு பேட்டை ஸ்தாபனத்தால் முடியவில்லை. அலின்ஸ்கியின் சாஸ்திரத்தில் இதற்கு மருந்து கிடையாது.

பிரேஸியர் ஓடவில்லை. தலைமைப் பதவியை 1970 வாக்கில் மற்றவர்களிடம் ஒப்புவித்துவிட்டுச் சபையைக் கட்டுவதில் இறங்கினார். நூறு பேர் சபை பதினாயிரக்கணக்கில் வளர்ந்தது. அவர் 2008-ல் ஓய்வு பெற்றபோது ஏறக்குறைய 20,000 அங்கத்தினர்கள் இருந்தார்கள். 63-வது வீதியில் மற்றதெல்லாம் இடிந்து கிடந்த காலத்தில் அந்தக் கோவில் புதிதாக எழும்பி நின்றது. வீடு கட்டுவதற்கும் மூலதனம் கொண்டுவருவதற்கும் தனிச் சங்கங்கள் அமைத்தார். பழைய எதிரியான ஸர்வகலாசாலையோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தார். பழைய தோழர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை.

1997-ல் நடந்த சம்பவம் இந்த மனஸ்தாபத்தை முற்றச் செய்தது. 63-வது வீதியின் மேல் இரும்புத் தூண்களில் ஓடிய ரயில் பாதையின் கிழக்குக் கோடியை இடித்துவிட வேண்டும் என்று பிரேஸியர் முன்னின்று வாதாடினார். அது வீதியை இருளடையச் செய்கிறது, அதன் கீழ் யாரும் வீடு வாங்க வரமாட்டார்கள் என்பது அவர் கட்சி. காரில்லாத ஏழைகள் வேலைக்குப் போவதெப்படி என்பது எதிர்க்கட்சி. பாதை இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் வெயில் விழுந்தது. தோட்டத்தோடு கூடிய தனி வீடுகளும் வந்தன. அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் நடுத்தர வகுப்பார். முன்பு ‘எங்களைக் கேட்காமல் எங்கள் பேட்டையைத் திருத்தாதே’ என்று முழங்கியவரை நோக்கி, இப்பொழுது அதே வார்த்தையை வேறு சிலர் சொன்னார்கள். நமது அபிப்பிராயத்தில் அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆள் இல்லாத பேட்டையில் யாருக்காகப் போராடுவது என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் அதிலும் நியாயம் இருந்திருக்கும்.

2008 ஜூன் 15-ந் தேதி, தந்தையர் தினத்தன்று, ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றுகொண்டிருந்த பராக் ஒபாமா அக்கோவிலில் பேசினார். கறுப்புக் குடும்பங்களில் தகப்பன்மார்களின் கடமையைப்பற்றிய அப்பேச்சு தேசமெங்கும் பிரசித்தமாயிற்று. அந்த வருஷத்தில் பிரேஸியர் ஊழியத்தைத் தம் புதல்வர் பைரன் பிரேஸியரிடம் ஒப்படைத்தார். 2010 அக்டோபர் 22-ந் தேதி, தமது 89-வது வயதில் காலமானார். சிகாகோ பள்ளி ஹர்த்தால் நடந்து அன்றோடு சரியாக 47 வருஷம்.

1963 உடன்பாட்டின் பலனாகக் கட்டப்பட்ட அந்த உட்லான் கார்டன்ஸ் வீடுகள் பிற்காலத்தில் குரோவ் பார்க் பிளாஸா என்று பெயர் மாறி, பராமரிப்பில்லாமல் சீரழிந்து, அவர் உயிரோடிருக்கும்போதே இடிப்புக்கு ஆளாயின. வெளியூரிலிருந்து வந்த லாப நோக்கமற்ற ஒரு சங்கம் அவ்விடத்தில் மறுபடி வீடு கட்டியது. ஒபாமாவின் நினைவு நிலையம் பக்கத்து ஜாக்ஸன் பூங்காவில் வரப்போகிறது என்றதும் உட்லானில் நில விலையும் வாடகையும் ஏறத் தொடங்கின. ஏழைகள் வெளியேற்றப்படாதபடி காக்கப் பேட்டை வாசிகள் மீண்டும் கிளர்ச்சி செய்தார்கள். 2020-ல் சிகாகோ நகரசபை உட்லானுக்கென்று தனியாக ஒரு வீட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. நகரசபைக்குச் சொந்தமான காலி மனைகளில் ஒரு பகுதியைக் குறைந்த வாடகை வீடுகளுக்கென ஒதுக்க வேண்டும் என்பது அதில் கண்ட ஷரத்து.